விதியை விட்டு விலகுவோரையும் கணக்கில் கொள்ளும் அல்காரிதம்கள்

ஓர் அல்காரிதம் சரியானதா என்று சோதிக்கும்போது, கொடுத்த உள்ளீட்டுக்கு உரிய விடை வருகிறதா என்றுதான் நாம் பெரும்பாலும் பார்க்கிறோம். எண்களை ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னால், அடுக்கிய பட்டியல் வந்துவிட்டால் போதும்; எண்களுக்கு விருப்பு வெறுப்பு கிடையாது, வைத்த இடத்தை விட்டு அவை எழுந்து போகப்போவதும் இல்லை. மனிதர்களை வேலைகளோடும் கல்லூரிகளோடும் பொருத்தும் அல்காரிதத்திலும், இருவர் இணையத்தின் வழியே பாதுகாப்பாகப் பேசிக்கொள்வதற்கான நெறிமுறையிலும், அதாவது செய்திகளை எந்த வரிசையில் எப்படிப் பரிமாறுவது என்ற விதிகளிலும், நிலைமை வேறு. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம் உண்டு. ஆதாயம் கிடைக்கும் என்றால் விதியை விட்டு விலகவும் அவர் தயங்கமாட்டார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இந்த இரண்டு துறைகளும் அதனால் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: விலகிச் சென்று பயன்பெறக்கூடியவர் எவரேனும் இருக்கிறாரா, அப்படி எவரும் இல்லை என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவ முடியுமா?

பொருத்தம் எப்போது நிலைக்கும்?

அமெரிக்காவில் மருத்துவப் படிப்பை முடிப்பவர்கள் மருத்துவமனைகளில் பயிற்சிக்குச் சேரும் முறையிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். 1940களில் அங்கே மருத்துவமனைகள் நல்ல மாணவர்களைப் பிறருக்கு முன்பே பிடித்துவிட வேண்டும் என்று போட்டியிட்டன. அந்தப் போட்டி முற்றியதில், படிப்பு முடிவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இடம் வழங்கும் நிலை உருவானது. பின்னர் தேதிகளுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, மிகக் குறுகிய காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று மாணவர்களை நெருக்கினார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1952இல் நாடு தழுவிய மையப் பொருத்த முறை நடைமுறைக்கு வந்தது. மாணவர்கள் மருத்துவமனைகளைத் தம் விருப்ப வரிசையில் எழுதித் தந்தார்கள். மருத்துவமனைகள் மாணவர்களை வரிசைப்படுத்தின. இரண்டையும் வைத்து யாருக்கு எங்கே இடம் என்பதை ஒரு பொது நிறுவனம் முடிவு செய்தது.

அந்த முடிவை எப்படி எடுப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. கயல், மாறன், வேலன் என்று மூன்று மருத்துவர்களையும், வடக்கு, தெற்கு, கிழக்கு என்று மூன்று மருத்துவமனைகளையும் கற்பனை செய்துகொள்வோம். ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஓர் இடம்தான் உண்டு. கயலின் விருப்ப வரிசை வடக்கு, தெற்கு, கிழக்கு. மாறனுடையது வடக்கு, கிழக்கு, தெற்கு. வேலனுடையது தெற்கு, வடக்கு, கிழக்கு. மறுபுறம், வடக்கு மருத்துவமனை வேலனை முதலாகவும் மாறனை அடுத்தும் கயலைக் கடைசியாகவும் விரும்புகிறது. தெற்கின் வரிசை கயல், மாறன், வேலன். கிழக்கின் வரிசை கயல், வேலன், மாறன்.

யாருக்கும் முதலில் தோன்றும் வழி இது: ஒவ்வொருவரும் தம் முதல் விருப்பத்துக்கு விண்ணப்பிக்கட்டும், வந்தவர்களில் சிறந்தவரை மருத்துவமனை உடனே எடுத்துக்கொள்ளட்டும், இடம் கிடைக்காதவர் மிச்சமிருப்பவற்றில் தேடட்டும். அவ்வாறு செய்தால் வடக்குக்குக் கயலும் மாறனும் போகிறார்கள். வடக்கு மாறனை எடுத்துக்கொள்கிறது. தெற்குக்கு வேலன் மட்டுமே போவதால் அவருக்கு அங்கே இடம் கிடைக்கிறது. கயலுக்குக் கிழக்கு மிஞ்சுகிறது. கணக்கு முடிந்துவிட்டது போலத் தெரிந்தாலும், கயலையும் தெற்கு மருத்துவமனையையும் சற்றுக் கவனியுங்கள். கயலுக்குக் கிழக்கைவிடத் தெற்கு மேல். தெற்குக்கோ வேலனைவிடக் கயல் மேல். பொது நிறுவனம் அறிவித்த முடிவை ஒதுக்கிவிட்டு இவர்கள் இருவரும் நேரடியாகப் பேசி முடித்துக்கொண்டால் இருவருக்குமே நன்மை. தமக்கு ஒதுக்கப்பட்டதைவிட ஒருவரையொருவர் அதிகம் விரும்பும் இத்தகைய இணையைக் குலைக்கும் இணை என்று சொல்லலாம். அப்படிப்பட்ட இணை ஒன்றுகூட இல்லாத பொருத்தமே நிலையான பொருத்தம்.

1962இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்னும் இரண்டு கணித அறிஞர்கள், சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையில், எத்தகைய விருப்ப வரிசைகளைக் கொடுத்தாலும் நிலையான பொருத்தம் ஒன்று கட்டாயம் இருக்கும் என்பதையும், அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் காட்டினார்கள். மேலே சொன்ன முறையில் அவர்கள் மாற்றியது ஒன்றே ஒன்றுதான்: மருத்துவமனை யாரையும் உடனே உறுதியாக ஏற்றுக்கொள்ளக் கூடாது, வந்தவர்களில் சிறந்தவரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துக்கொண்டு மற்றவர்களை மறுக்க வேண்டும். மறுக்கப்பட்டவர் தம் வரிசையில் அடுத்த இடத்துக்கு விண்ணப்பிப்பார். பிறகு மேலான ஒருவர் வந்தால், நிறுத்திவைத்திருந்தவரை மருத்துவமனை விடுவித்துவிடலாம்.

நம் எடுத்துக்காட்டில் முதல் சுற்று முன்போலவே நடக்கிறது: வடக்கு மாறனையும் தெற்கு வேலனையும் நிறுத்திவைக்கின்றன, கயல் மறுக்கப்படுகிறார். அடுத்து அவர் தெற்குக்கு விண்ணப்பிக்கிறார். தெற்குக்கு அவரே முதல் விருப்பம் என்பதால் அது வேலனை விடுவிக்கிறது. வேலன் வடக்குக்குப் போகிறார். வடக்கு அவரை எடுத்துக்கொண்டு மாறனை விடுவிக்கிறது. மாறன் கிழக்குக்கு விண்ணப்பிக்க, அங்கே யாரும் இல்லாததால் அவருக்கு இடம் கிடைக்கிறது. கயலுக்குத் தெற்கு, வேலனுக்கு வடக்கு, மாறனுக்குக் கிழக்கு என்று எல்லோருக்கும் இரண்டாம் விருப்பம் கிடைத்திருக்கிறது. யாருக்கும் முதல் விருப்பம் கிடைக்கவில்லையே என்று தோன்றலாம். ஆனால் கயலோ மாறனோ வடக்கிடம் போய்ப் பேசினால், தன் முதல் விருப்பமான வேலனை வைத்திருக்கும் அது அவர்களை ஏறெடுத்தும் பார்க்காது. வேலன் தெற்கிடம் போனாலும் அதே கதைதான்.

இது இந்த மூவருக்கு மட்டும் தற்செயலாக அமைந்ததன்று. அல்காரிதம் ஓடும்போது மருத்துவமனை நிறுத்திவைத்திருப்பவரின் தரம் கூடிக்கொண்டே போகுமே தவிரக் குறையாது. ஒரு மருத்துவர், தமக்கு இறுதியில் கிடைத்ததைவிட வேறொரு மருத்துவமனையை அதிகம் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விருப்ப வரிசையில் மேலிருந்து கீழாகத்தான் அவர் விண்ணப்பித்தார் என்பதால், அந்த மருத்துவமனைக்கு அவர் ஏற்கெனவே விண்ணப்பித்திருக்க வேண்டும். அது அவரைவிட மேலான ஒருவருக்காக அவரை மறுத்திருக்க வேண்டும். அதன்பின் அதன் நிலை உயர்ந்திருக்குமே அன்றித் தாழ்ந்திருக்காது. ஆகவே இறுதியிலும் அது அவரை விரும்பாது. குலைக்கும் இணை அமைய வழியே இல்லை. கோடிக்கணக்கான எடுத்துக்காட்டுகளைச் சோதித்தாலும் கிடைக்காத உறுதியை இந்த நான்கைந்து வரி வாதம் தந்துவிடுகிறது என்பதுதான் என்னை எப்போதும் ஈர்க்கும் அம்சம்.

வேகத்திலும் குறையில்லை. ஒரு மருத்துவர் ஒரு மருத்துவமனைக்கு ஒருமுறைக்கு மேல் விண்ணப்பிப்பதில்லை. எனவே இரு பக்கமும் 20 பேர் இருந்தால் அதிகபட்சம் 400 விண்ணப்பங்களில் எல்லாம் முடிந்துவிடும். 20 பேரை 20 இடங்களில் வைக்கக்கூடிய வழிகள் அனைத்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதென்றால் அவற்றின் எண்ணிக்கை 24,000 கோடி கோடியைத் தாண்டும்.

யார் விண்ணப்பிக்கிறார் என்பதில் ஒளிந்திருக்கும் சார்பு

நிலையான பொருத்தம் ஒன்றுக்கு மேற்பட்டதாகவும் இருக்கலாம். கயல் வடக்கையும் மாறன் தெற்கையும் விரும்ப, வடக்கு மாறனையும் தெற்கு கயலையும் விரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்கள் விண்ணப்பித்தால் அவர்கள் விரும்பியபடியே முதல் சுற்றில் எல்லாம் முடிந்துவிடும். மருத்துவமனைகள் அழைப்பு விடுத்தால் அவை விரும்பியபடி முடியும். இரண்டும் நிலையானவையே. எந்தப் பக்கம் விண்ணப்பிக்கிறதோ, அந்தப் பக்கத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் நிலையான பொருத்தங்களுள் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த இடமும், மறுபக்கத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் அவற்றுள் மிகத் தாழ்ந்த இடமும் கிடைக்கும் என்பது பொதுவாகவே உண்மை. நிரலில் ஒரு சிறு முடிவாகத் தோன்றும் இது உண்மையில் நியாயம் பற்றிய முடிவு. 1952இல் தொடங்கிய அமெரிக்க முறை, கேல், ஷாப்லி ஆகியோரின் கட்டுரைக்குப் பத்தாண்டு முன்பே அதே தத்துவத்தில் இயங்கியது என்பதை 1984இல் பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத் சுட்டிக்காட்டினார். ஆனால் அது மருத்துவமனைகள் அழைக்கும் வடிவில் இருந்தது. மாணவர்களின் அதிருப்திக்குப் பிறகு ராத்தும் எலியட் பெரான்சனும் மருத்துவர்கள் விண்ணப்பிக்கும் வடிவில் அதை மாற்றியமைத்தார்கள். 1998 முதல் அந்த வடிவமே நடைமுறையில் இருக்கிறது.

விலகுதல் என்பது முடிவு வந்த பிறகு மட்டும் நடப்பதன்று. விருப்ப வரிசையைப் பொய்யாக எழுதித் தருவதும் விலகுதலே. உடனடியாக ஏற்கும் முதல் முறையில் கயல் தம் உண்மையான விருப்பத்தை மறைத்துத் தெற்கை முதலில் எழுதியிருந்தால், அவருக்குக் கிழக்குக்குப் பதிலாகத் தெற்கு கிடைத்திருக்கும். உண்மை சொன்னதற்காக அவர் தண்டிக்கப்பட்டிருக்கிறார். நிறுத்திவைக்கும் முறையிலோ, விண்ணப்பிக்கும் பக்கத்தில் உள்ள எவரும் பொய் சொல்லிப் பயன்பெற முடியாது என்பது 1980களின் தொடக்கத்திலேயே நிறுவப்பட்டது. பாஸ்டன் நகரின் அரசுப் பள்ளிகளில் உடனடியாக ஏற்கும் முறையே நெடுங்காலம் இருந்தது. எந்தப் பள்ளியை முதலில் எழுதுவது என்ற சூட்சுமம் தெரிந்த பெற்றோர் அதனால் பலனடைந்தார்கள், தெரியாதவர்களின் பிள்ளைகள் பின்தங்கினார்கள். 2005இல் அந்த நகரம் நிறுத்திவைக்கும் முறைக்கு மாறியது. இதே ராத்தும் ஷாப்லியும் 2012இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கேல் 2008இல் காலமாகிவிட்டார்.

இந்த உறுதிமொழிகளுக்கும் எல்லை உண்டு. விண்ணப்பங்களைப் பெறும் பக்கத்தில் இருப்பவர்கள் பொய் சொல்லிச் சில வேளைகளில் பயன்பெற முடியும். இரு பக்கத்தாரும் உண்மை சொல்வதையே சிறந்த உத்தியாக்கும் நிலையான முறை எதுவும் இருக்க முடியாது என்பதும் நிறுவப்பட்டதே. கணவன் மனைவி இருவரும் மருத்துவர்களாக இருந்து, ஒரே ஊரில் இடம் வேண்டும் என்று சேர்ந்து விண்ணப்பித்தால், நிலையான பொருத்தமே இல்லாமல் போகக்கூடும். விடுதி அறையைப் பகிர்ந்துகொள்வது போல, இரண்டு பக்கங்கள் என்ற பிரிவே இல்லாமல் ஒரே கூட்டத்துக்குள் இணை சேர்க்கும்போதும் அப்படித்தான். அங்கே நிலையான பொருத்தம் இருக்கிறதா என்று விரைவாகக் கண்டறியும் அல்காரிதத்தை ராபர்ட் இர்விங் 1985இல் வெளியிட்டார்.

செய்திகளுக்கு நடுவே நிற்பவர்

இனிப் பாதுகாப்பு நெறிமுறைகளுக்கு வருவோம். இங்கே பொருத்தத்தில் இருந்ததைவிடக் கடுமையான எதிராளி இருக்கிறார். அங்கே ஒருவர் தம் நன்மைக்காக மட்டுமே விலகுவார். இங்கே குலைப்பதையே வேலையாகக் கொண்டவரை எதிர்பார்க்க வேண்டும்.

முன்பு மருத்துவர்களாக வந்த மூவரையே எடுத்துக்கொள்வோம். கயலும் மாறனும் ஒருவரையொருவர் நேரில் பார்க்காமல், வலையமைப்பின் வழியே, எதிரில் இருப்பவர் உண்மையானவர்தானா என்று உறுதிசெய்துகொள்ள விரும்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பொதுச் சாவியும் ஒரு தனிச் சாவியும் உண்டு. பொதுச் சாவி எல்லோருக்கும் தெரியும். அதைக் கொண்டு யார் வேண்டுமானாலும் செய்தியைப் பூட்டலாம். பூட்டியதைத் திறக்க உரியவரிடம் மட்டுமே இருக்கும் தனிச் சாவி வேண்டும். வாசலில் தொங்கும் அஞ்சல் பெட்டிக்குள் யாரும் கடிதம் போடலாம், வீட்டுக்காரர்தான் எடுக்க முடியும் என்பதைப் போன்ற ஏற்பாடு இது.

1978இல் ரோஜர் நீதம், மைக்கேல் ஷ்ரோடர் ஆகியோர் வெளியிட்ட நெறிமுறையின் மையம் மூன்றே செய்திகள். முதலில் கயல், தாம் அப்போதே உருவாக்கிய, யாராலும் ஊகிக்க முடியாத ஓர் எண்ணையும் தம் பெயரையும் சேர்த்து, மாறனின் பொதுச் சாவியால் பூட்டி அனுப்புகிறார். மாறன் அதைத் திறந்து, கயலின் எண்ணோடு தாம் புதிதாக உருவாக்கிய இன்னோர் எண்ணையும் சேர்த்து, கயலின் பொதுச் சாவியால் பூட்டித் திருப்பி அனுப்புகிறார். தம் எண் திரும்பி வந்ததைப் பார்க்கும் கயல், முதல் செய்தியை மாறன் திறந்திருக்கிறார் என்று முடிவு செய்கிறார். மாறனின் எண்ணை மாறனின் சாவியால் பூட்டி மூன்றாம் செய்தியாக அவர் அனுப்ப, மாறனும் எதிரில் இருப்பவர் கயலே என்று நம்புகிறார். படிக்கும்போது ஓட்டை எதுவும் தென்படுவதில்லை. 1989இல் இத்தகைய நெறிமுறைகளை ஆராய்வதற்கென்றே உருவான ஒரு தருக்க முறையும் இந்த நெறிமுறையைப் பரிசீலித்தது. பின்னர் வெளிப்படவிருந்த ஓட்டை அதன் கண்ணிலும் படவில்லை.

1995இல் கவின் லோவ் அந்த ஓட்டையைக் காட்டினார். கயல் இப்போது வேலனோடு பேசத் தொடங்குகிறார் என்று கொள்வோம். வேலன் நேர்மையற்றவர் என்பது கயலுக்குத் தெரியாது. தம் எண்ணையும் பெயரையும் வேலனின் சாவியால் பூட்டி அனுப்புகிறார். வேலன் அதைத் திறந்து, அப்படியே மாறனின் சாவியால் மறுபடி பூட்டி, கயலிடமிருந்து வருவது போல மாறனுக்கு அனுப்புகிறார். மாறன் தம் எண்ணையும் சேர்த்துக் கயலின் சாவியால் பூட்டிப் பதில் அனுப்புகிறார். இதை வேலனால் திறக்க முடியாது. திறக்கத் தேவையும் இல்லை, அப்படியே கயலிடம் தள்ளிவிடுகிறார். தாம் அனுப்பிய எண் இருப்பதால் அது வேலனின் பதில் என்றே கயல் நினைக்கிறார். உள்ளே இருந்த இரண்டாம் எண்ணை எடுத்து, வேலனின் சாவியால் பூட்டி அனுப்புகிறார். வேலனுக்குத் தேவைப்பட்ட மாறனின் எண்ணைக் கயலே திறந்து கொடுத்துவிட்டார். வேலன் அதை மாறனின் சாவியால் பூட்டி அனுப்ப, தம்மோடு பேசுவது கயல் என்று மாறன் உறுதியாக நம்பிவிடுகிறார். மாறன் ஒரு வங்கியின் கணினி என்றால், கயலின் பெயரில் பணம் மாற்றச் சொல்லும் ஆணையை அந்த இரண்டு எண்களோடும் சேர்த்து வேலனால் அனுப்ப முடியும்.

எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை, எந்தத் தனிச் சாவியும் திருடப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். லோவ் சொன்ன திருத்தமும் மிகச் சிறியது: இரண்டாம் செய்திக்குள் மாறன் தம் பெயரையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். அப்படிச் செய்தால், வேலனின் பதிலை எதிர்பார்த்திருக்கும் கயல் உள்ளே மாறனின் பெயரைக் கண்டதும் நிறுத்திக்கொள்வார். மூன்று செய்திகள் கொண்ட ஒன்றில் இருந்த பிழை வெளிப்பட 17 ஆண்டுகள் ஆயின. நீதமும் ஷ்ரோடரும் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. வெளியிலிருந்து வரும் எதிரியைத்தான் அவர்கள் மனத்தில் கொண்டார்கள், உரிய சாவியோடு முறைப்படி பங்கேற்பவரே ஏமாற்றுவார் என்பதை அன்று அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

1996இல் லோவ், தாம் கண்ட தாக்குதலைக் கணினியே தேடிக் கண்டுபிடிக்கச் செய்தார். திருத்திய வடிவில் அத்தகைய தாக்குதல் இல்லை என்பதையும் ஆராய்ந்தார். இதற்கு அடிப்படையாக இருப்பது, டேனி டோலெவ், ஆண்ட்ரூ யாவ் ஆகியோர் 1980களின் தொடக்கத்தில் வகுத்த எதிராளியின் மாதிரி. அதன்படி வலையமைப்பு முழுவதும் எதிராளியின் கையில் இருக்கிறது. எந்தச் செய்தியையும் அவர் படிக்கலாம், தடுக்கலாம், மாற்றலாம், பழையதை மறுபடி அனுப்பலாம், தமக்குத் தெரிந்த துண்டுகளை ஒட்டிப் புதிய செய்தியையும் உருவாக்கலாம். சாவி இல்லாமல் பூட்டைத் திறப்பது மட்டுமே அவரால் முடியாதது. சரிபார்க்கும் கருவி, எதிராளிக்கு இதுவரை தெரிந்தவற்றின் தொகுப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அவர் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்து பார்க்கிறது. மாறனின் எண் அந்தத் தொகுப்புக்குள் நுழைந்துவிட்டால், அதுவரை நடந்த படிகளே தாக்குதலின் செய்முறை. மனித மனம் நெறிமுறையை எழுதியவரின் நோக்கத்தைப் பின்தொடர்ந்தே படிக்கிறது. கருவிக்கு அந்த நோக்கம் தெரியாது என்பதே அதன் பலம் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் ஒரே நேரத்தில் எத்தனை உரையாடல்கள் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று அனுமதித்தால் தேடலுக்கு முடிவே இல்லை. எந்த நெறிமுறையைக் கொடுத்தாலும் அது பாதுகாப்பானதா என்று எப்போதும் விடை சொல்லி முடிக்கும் அல்காரிதம் இருக்க முடியாது என்பதே கணித உண்மை. கேல், ஷாப்லி ஆகியோரின் முறை எப்போதும் முடிவுக்கு வரும் என்பதோடு இதை ஒப்பிட்டால் இரண்டு துறைகளுக்கும் உள்ள தூரம் புலப்படும். அதனால் கருவிகள் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் இன்னொன்றைப் பெறுகின்றன. புரூனோ பிளான்ஷே உருவாக்கிய புரோவெரிஃப், எதிராளிக்கு உண்மையில் உள்ளதைவிடச் சற்று அதிக ஆற்றலைக் கொடுத்துப் பார்க்கிறது; ஆகவே அது பாதுகாப்பானது என்று சொன்னால் நம்பலாம், தாக்குதல் இருக்கிறது என்று சொன்னால் அது மெய்யானதா என்று மனிதர் சரிபார்க்க வேண்டும். டாமரின் என்ற கருவி, தானாக முன்னேற முடியாத இடத்தில் மனிதரின் வழிகாட்டலை ஏற்கும். உலாவிகளும் இணையதளங்களும் பயன்படுத்தும் டிஎல்எஸ் 1.3 நெறிமுறை 2018இல் வெளிவருவதற்கு முன், அதன் வரைவுகள் இத்தகைய கருவிகளால் ஆராயப்பட்டன; வெளியிட்ட பிறகு ஓட்டையைத் தேடும் பழைய வழக்கம் அங்கே மாறியது.

நிறுவப்பட்டது என்ற சொல்லுக்கு மாதிரியின் எல்லை வரைதான் பொருள் என்பதை வைஃபை உலகம் 2017இல் கண்டது. வைஃபை இணைப்பைப் பாதுகாக்கும் டபிள்யூபிஏ2 முறையில், கைப்பேசி போன்ற பயனர் கருவியும் வைஃபை நிலையமும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொண்டு சாவியை ஒப்புக்கொள்கின்றன. இந்தப் பரிமாற்றம் பாதுகாப்பானது என்று முன்பே கணித முறையில் நிறுவியிருந்தார்கள். மேத்தி வான்ஹோஃப், ஃபிராங்க் பீசன்ஸ் ஆகியோர் காட்டிய கிராக் தாக்குதல் அந்த நிறுவலைப் பொய்யாக்கவில்லை. அது பார்க்காத இடத்தைத் தொட்டது. மூன்றாம் செய்தியை எதிராளி மறுபடி அனுப்பச் செய்தால், பயனர் கருவி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள அதே சாவியை மீண்டும் பொருத்திக்கொண்டு, அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொதிக்கும் மாற வேண்டிய எண்ணைத் தொடக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். ஒரே சாவியும் ஒரே எண்ணும் இரண்டு முறை பயன்பட்டால் குறியாக்கம் பலவீனமாகிவிடுகிறது. சாவி ரகசியமாகவே இருந்தது. அது எப்போது பொருத்தப்படுகிறது என்பது மட்டும் பழைய மாதிரியில் இடம்பெறவில்லை. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சாவி பொருத்தப்படும் தருணத்தையும் பொதிகளின் எண்ணையும் மாதிரிக்குள் சேர்த்து, திருத்தங்கள் செய்யப்பட்ட டபிள்யூபிஏ2 அந்தத் தாக்குதல்களைத் தாங்குகிறது என்பதை டாமரின் கொண்டு நிறுவியது.